சிஸ்டர் பதில்கள்: பெயரை அவரே சொல்லட்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. பணம், பிள்ளைகள், மருத்துவம், வேலை என்று விஷயங்கள் வேறு வேறாக இருந்தாலும் எல்லாருடைய தவிப்பும் ஒன்றுதான். நம்பிவிடலாமா, சரிபார்க்கலாமா? சரிபார்த்தால் எதிரில் இருப்பவர் மனம் நோகாதா? நான் 34 வருடம் நர்ஸாக இருந்தவள். அதில் கடைசி 11 வருடம் வார்டுப் பொறுப்பு. தினமும் இந்தக் கேள்வியோடுதான் வேலைக்குப் போய் வந்தேன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. என் மகன் குரல். "அம்மா, விபத்து நடந்துவிட்டது, என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உடனே பணம் அனுப்பு, அப்பாவிடம் சொல்லாதே" என்று அழுதான். நான் அனுப்பப் போன நேரத்தில் என் கணவர் விழித்துக்கொண்டு மகனின் எண்ணுக்கு அழைத்தார். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பணம் போகவில்லை. ஆனால் சிஸ்டர், பெற்ற பிள்ளையின் குரல்கூடவா எனக்குத் தெரியாமல் போய்விட்டது?

தெரியாமல் போகவில்லை அம்மா. நீங்கள் கேட்டது அவன் குரலாகவே இருந்திருக்கலாம். யாரோ அதை எடுத்து, இயந்திரத்துக்குக் கொடுத்து, தங்களுக்கு வேண்டிய வார்த்தைகளைப் பேச வைத்திருக்கலாம். அவன் எங்கோ வெளியிட்ட ஒரு சின்ன வீடியோ போதும் அதற்கு. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-லேயே இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. 2024-இல் ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஊழியர் வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகளின் முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, அவர்கள் சொன்னபடி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற எல்லாருமே போலி. அலுவலகத்தில், நிதானமாக உட்கார்ந்திருந்தவருக்கே அப்படி. நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் எந்தத் தாய் நிதானமாக இருப்பாள்? குற்ற உணர்வை இன்றோடு விட்டுவிடுங்கள்.

குரலும் முகமும் இனி அடையாளம் ஆகாது என்றால் வேறு எதைப் பிடித்துக்கொள்வது? எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தரும் ஒரு பழக்கம் இருக்கிறது. மருந்து கொடுக்கும் முன் நோயாளியிடம் "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. வலியிலும் மயக்கத்திலும் இருப்பவர் எதற்கும் "ஆமாம்" என்பார். பக்கத்துக் கட்டில்காரர் பெயரைச் சொன்னாலும் "ஆமாம்" என்பார். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். பதிலை அவர் வாயால் சொல்ல வேண்டும், நாம் அதைக் கையில் கட்டியிருக்கும் பட்டையோடு ஒப்பிட வேண்டும்.

அழைப்பு வந்தபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். "அம்மா" என்று குரல் கேட்டவுடன் மகனின் பெயரை முதலில் சொன்னது யார்? பெரும்பாலும் நாம்தான் சொல்லிவிடுகிறோம். எதிராளி அதைப் பிடித்துக்கொள்கிறான். இனிமேல் பெயரை அவரே சொல்லட்டும். குடும்பத்துக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். வளர்த்த நாய்க்குட்டியின் பெயர் வேண்டாம், அது எங்காவது படத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கும். சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லாக இருக்கட்டும். எழுதி அனுப்பாமல் நேரில் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் கணவர் செய்ததுதான் சரியான வழி. வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, நீங்கள் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைக்க வேண்டும். திரையில் மகன் பெயரே தெரிந்தாலும் சரி, திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். உண்மையான மகனாக இருந்தால் மறுபடி அழைத்ததற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டான். "யாரிடமும் சொல்லாதே" என்ற வார்த்தை காதில் விழுந்தால், அந்த நொடியே வீட்டில் இன்னொருவரை எழுப்பிவிடுங்கள்.

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பெரிய தொகைகளுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து எங்கள் சீனியர், 22 வருட அனுபவம், எனக்கு வேலை கற்றுத்தந்தவர். "நான் பார்த்துவிட்டேன், நீ போடு" என்று நீட்டுகிறார். அவரை நான் முழுமையாக நம்புகிறேன். உட்கார்ந்து பார்த்தால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்று தயக்கம்.

தம்பி, இந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். இதனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இதுவரை எங்கும் எழுதாத ஒன்றை உனக்காக எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். குழந்தைகள் வார்டில் இரவு ஷிஃப்ட். என்னோடு இருந்த சீனியர் சிஸ்டர் அந்த வார்டிலேயே அதிக அனுபவம் உள்ளவர். எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த கை அவருடையது. ஒரு கைக்குழந்தைக்கு மருந்து தயார் செய்தார். எடை, அளவு எல்லாம் மனக்கணக்காகப் போட்டு, மருந்தை இழுத்து, என் முகத்துக்கு நேரே பிடித்து "ஐந்து மில்லி, சரிதானே?" என்றார். இரண்டாவது ஆளாகச் சரிபார்க்க வேண்டியது நான். மருத்துவரின் குறிப்பு என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்து "சரி சிஸ்டர்" என்றேன். அதில் எழுதியிருந்தது 0.5.

எழுதியிருந்ததை நான் பார்த்தேன் என்பதுதான் இன்று வரை என்னை உறுத்துகிறது. கண் பார்த்தது, ஆனால் காதில் "ஐந்து" என்று ஏற்கெனவே விழுந்துவிட்டதால், மனம் அந்த ஐந்தைத்தான் தேடியது. ஐந்து கிடைத்ததும் நின்றுவிட்டது. புள்ளியும் பூஜ்யமும் எனக்குத் தெரியவே இல்லை.

கட்டிலுக்குப் போனோம். குழந்தையின் தாய் அரைத்தூக்கத்தில் எழுந்து, ஊசியைப் பார்த்து, ரொம்பத் தயங்கி, "காலையில் இதைவிடச் சின்ன ஊசியில்தானே போட்டார்கள்?" என்றார். சீனியர் சிஸ்டரின் கை அப்படியே நின்றது. திரும்பிப் போய்ப் பார்த்தோம். பத்து மடங்கு. அந்த மருந்தில் பத்து மடங்கு என்றால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு விவரிக்க விரும்பவில்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சிஸ்டர் ஓய்வறைக்குப் போய் அழுதார். மறுநாள் காலையில் தானே மேலிடத்தில் போய்ச் சொன்னார், என்னை மாட்டிவிடாமல், ஆனால் நடந்ததை மறைக்காமல்.

அதற்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். ஆபத்தான மருந்துகளுக்கு முதல் ஆள் விடையைச் சொல்லவே கூடாது. இரண்டாவது ஆள் மருத்துவரின் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, தன் கணக்கைப் போட வேண்டும். அப்புறம்தான் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று உலகம் முழுக்க மருத்துவமனைகளில் சொல்லித்தரப்படும் முறை இதுதான். அரை மில்லியை .5 என்று எழுதக் கூடாது, முன்னால் பூஜ்யம் போட்டு 0.5 என்று எழுத வேண்டும், ஐந்தை 5.0 என்று எழுதக் கூடாது, புள்ளி மங்கினால் அது 50 ஆகிவிடும் என்கிற விதிகளும் இப்படிப் பட்டறிந்து வந்தவைதான்.

உன் சீனியரிடம் போய் இப்படிக் கேள்: "சார், நீங்கள் பார்த்த பிறகு நான் தனியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் பழக்கம் ஆகும், உங்களுக்கும் பாதுகாப்பு." இதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. இரண்டு கையெழுத்து என்று விதி வைத்தவர்கள் இரண்டு ஜோடிக் கண்கள் வேண்டும் என்றுதான் வைத்தார்கள். நீ பார்க்காமல் போட்டால், தாளில் இரண்டு பெயர் இருக்கும், பார்த்தது ஒருவர்தான். அவர் சோர்ந்திருக்கும் ஒரு நாளில் அவரைக் காப்பாற்ற அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவர் மேல் உனக்கு மரியாதை இருக்கிறது அல்லவா? அந்த மரியாதைக்காகவே பார்.

ஒருவேளை அவர் கோபப்பட்டு, பார்க்கவே விடாமல், ஒவ்வொரு முறையும் அவசரப்படுத்தினால், அது வேறு விஷயம். அப்போது கையெழுத்துப் போடாதே. மேலே இருப்பவரிடம் பேசு.

கேள்வி: "நம்பு, ஆனால் சரிபார்" என்று ஒரு தலைவர் சொன்னதாகப் படித்தேன். நம்பினால் எதற்குச் சரிபார்க்க வேண்டும்? சரிபார்த்தால் அது என்ன நம்பிக்கை?

அது ரஷ்யப் பழமொழி. ரஷ்ய மொழியில் எதுகையோடு வருமாம். அமெரிக்க அதிபர் ரீகனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் ரஷ்யாவைப் பற்றி எழுதிவந்த சூசன் மாசி. 1987 டிசம்பர் 8 அன்று வெள்ளை மாளிகையில் ஏவுகணை ஒப்பந்தம் கையெழுத்தானபோது ரீகன் அதை மறுபடி சொன்னார். "ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே சொல்கிறீர்கள்" என்றார் எதிரில் இருந்த சோவியத் தலைவர் கோர்பச்சேவ். அரங்கமே சிரித்தது.

ஆனால் அந்த ஒப்பந்தம் நடைமுறையில் எப்படி ஓடியது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளை இரண்டு நாடுகளும் அழிக்க வேண்டும். 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. இவர்கள் ஆட்கள் அவர்கள் தொழிற்சாலை வாசலிலும், அவர்கள் ஆட்கள் இவர்கள் தொழிற்சாலை வாசலிலும் 13 வருடம் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒளிந்திருந்து வேவு பார்க்கவில்லை. எங்கே, எப்போது, எதைப் பார்க்கலாம் என்று இருவரும் பேசி எழுதிக்கொண்டு, அதன்படி கதவைத் திறந்துவிட்டார்கள்.

பல பத்தாண்டுகள் பகைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நம்பிக்கை முதலில் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு முறை வந்து பார்த்து, சொன்னபடியே இருக்கிறது என்று திரும்பிப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. எங்கள் வார்டிலும் அப்படித்தான். நூறு தடவை என் கணக்கும் கூட வேலை பார்த்தவள் கணக்கும் பொருந்தியதால்தான் ஒருத்தியின் வார்த்தைக்கு மதிப்பு ஏறியது. நீங்கள் இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்க்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றிலிருந்து ஒன்று முளைப்பதாகவே தோன்றுகிறது. இருபுறமும் சம்மதித்துச் செய்யும் வரைதான் அது பலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-இல் அந்த ஒப்பந்தம் முறிந்துபோனது.

கேள்வி: இருபது வருட நண்பன் கடன் கேட்கிறான். கொடுக்க மனம் இருக்கிறது, வசதியும் இருக்கிறது. எழுதி வாங்கலாமா? வாங்கினால் நட்பு கெடுமா?

எழுதி வாங்குங்கள். நோயாளியை அறுவைக்கு அனுப்பும் முன் அவர் உடம்பில் உள்ள நகை, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி, பட்டியல் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்போம். என் தோழியின் அம்மா அறுவைக்குப் போனபோதும் அப்படித்தான் எழுதினோம். தோழி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாருக்கும் செய்வது என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் "கொடுத்தாலும் வாங்கினாலும் எழுதிக்கொள்வேன்" என்று ஒரு வழக்கம் இருந்து, அது அண்ணன் தம்பிக்கும் பொருந்தும் என்றால், நண்பர் அதைத் தன் மேல் உள்ள சந்தேகமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆள் பார்த்து எழுதினால்தான் வலிக்கும்.

அந்தப் பட்டியலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. "தங்கச் சங்கிலி" என்று எழுத மாட்டோம். "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று" என்றுதான் எழுதுவோம். தங்கமா என்று உரசிப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் நாளைக்கு அது வழக்காகும். உங்கள் தாளிலும் அப்படியே, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். எவ்வளவு, என்று கொடுத்தது, எப்போது திரும்ப வரும், முடியாமல் போனால் என்ன செய்வது. இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. ஐந்து வருடம் கழித்து இருவருக்கும் நினைவு வேறு வேறாக இருக்கும். அந்த நாளில் உங்கள் நட்பைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான்.

கேள்வி: உடனே ஆபரேஷன் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு மருத்துவரிடம் ஒரு தடவை கேட்கலாம் என்று என் மனைவி சொல்கிறாள். இவர் தவறாக நினைத்துக்கொண்டு, சரியாகக் கவனிக்காமல் போய்விடுவாரோ என்று பயம்.

முதலில் "உடனே" என்றால் என்ன என்று அவரிடமே கேளுங்கள். இன்று இரவா, இந்த வாரமா, இரண்டு மாதத்துக்குள்ளா? உயிர் ஊசலாடும் அவசரம் என்றால் அங்கே இங்கே ஓடாதீர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே அனுப்புங்கள். ஒரு வாரம் அவகாசம் இருந்தால் தாராளமாக இன்னொருவரிடம் கேளுங்கள். மறைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். "பெரிய முடிவு டாக்டர், இன்னொருவர் கருத்தும் கேட்டுக்கொண்டால் வீட்டில் நிம்மதியாக இருக்கும், ரிப்போர்ட்டுகளின் பிரதி கிடைக்குமா?" என்றால் போதும். நான் வேலை பார்த்த நல்ல மருத்துவர்கள் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. சுளித்தவர்களைப் பற்றி, அந்தச் சுளிப்பே உங்களுக்கு ஒரு தகவல்.

புதிய மருத்துவரிடம் "அவர் ஆபரேஷன் சொன்னார், சரியா?" என்று தொடங்காதீர்கள். என் ஐந்து மில்லிக் கதையைப் படித்தீர்கள் அல்லவா, அதேதான். படங்களையும் ரிப்போர்ட்டையும் கொடுத்து, "இதைப் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதல் கருத்தைக் கடைசியில் சொல்லலாம்.

அறுவை அறைக்குள்ளேயே எவ்வளவு சரிபார்ப்பு நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் தயக்கம் இன்னும் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்கும் முன் எல்லாரும் ஒரு நிமிடம் நின்று, தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி, நோயாளி யார், எந்த இடம், என்ன அறுவை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்ததில், அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள் என்று 2009-இல் ஆய்வு வெளிவந்தது. கை தேர்ந்த நிபுணர்கள் ஒருவரையொருவர் இப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்பதில் குறை என்ன?

கேள்வி: 15 வயது மகளின் போனை அவளுக்குத் தெரியாமல் பார்க்கலாமா?

தெரியாமல் வேண்டாம். மாட்டிக்கொள்ளும் அன்றைக்கு அவள் போனை மட்டும் மூடிக்கொள்ள மாட்டாள், வாயையும் மூடிக்கொள்வாள். என்னென்ன பார்ப்பீர்கள் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லி, அதை மட்டும் பாருங்கள். வயது கூடக் கூட அதையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். அவள் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று உண்மையான அறிகுறி தெரிந்தால் அது வேறு, அப்போது பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று அன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் மருத்துவச் செய்திகள் வருகின்றன. "பிரபல நிபுணர் சொன்னது" என்று போட்டிருக்கும். எது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செய்தியை மறுபடி மறுபடி படித்துக் கண்டுபிடிக்க முடியாது. இதில் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017-இல் 10 வரலாற்று அறிஞர்கள், 10 உண்மை சரிபார்ப்பவர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். படித்த அறிஞர்களும் கெட்டிக்கார மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே இருந்து, அதன் தோற்றத்தையும் பெயரையும் நடையையும் எடைபோட்டுப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தைத் திறந்த கையோடு வெளியே வந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வேகமாகவும் சரியாகவும் முடித்தது அவர்கள்தான். அதனால் அந்த நிபுணர் உண்மையில் இருக்கிறாரா, அப்படிச் சொன்னாரா என்று வெளியே தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், மஞ்சள் நிற உலோகம் போல, "இப்படி ஒன்று வந்தது, உண்மையா தெரியவில்லை" என்று மேலே எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது மட்டும் என் வேண்டுகோள்.

கேள்வி: எனக்கு வயது 58. கூட வேலை பார்த்தவர் சொன்னார் என்று ஓய்வுக்காலப் பணத்தின் பெரும்பகுதியை ஒரு திட்டத்தில் போட்டேன். அவருக்கு அவர் மைத்துனர் சொன்னார். எல்லாம் போய்விட்டது. இப்போது யாரையும் நம்ப முடியவில்லை. மனைவி கடைக்குப் போய் வந்தாலும் ரசீது கேட்கிறேன். இரவில் ஐந்து தடவை எழுந்து பூட்டைப் பார்க்கிறேன். நான் இப்படி இருந்தவன் இல்லை.

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசி வரியில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிட்டேன்.

முதலில், வெட்கம் உங்களுடையது இல்லை. அமெரிக்காவில் மேடாஃப் என்பவர் நடத்தி, 2008-இல் வெளியே வந்த முதலீட்டு மோசடியில் வங்கிகளும் அறக்கட்டளைகளும் கோடீஸ்வரர்களும் பணத்தை இழந்தார்கள். மார்கோபோலஸ் என்ற ஒருவர் 2000-லிருந்தே கண்காணிப்பு அமைப்புக்கு எழுதி எச்சரித்துக்கொண்டிருந்தார். வேலையே அதுவாக இருந்தவர்கள் கோட்டை விட்டார்கள். உள்ளே போனவர்களில் பலரும் தெரிந்தவர் போட்டிருக்கிறார் என்றுதான் போட்டார்கள். அவரும் இன்னொருவரைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். சங்கிலியில் ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள், யாருமே பார்க்கவில்லை. உங்கள் நண்பரும், அவர் மைத்துனரும் அப்படி நின்றவர்களாகவே இருக்கலாம்.

அடுத்து, இப்போது நீங்கள் செய்வதைப் பற்றி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை இயந்திரங்கள் கூவும் தெரியுமா? நோயாளி திரும்பிப் படுத்தால் ஒன்று, இருமினால் ஒன்று, ஒயர் நழுவினால் ஒன்று. அந்த ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை எதுவும் செய்யத் தேவையில்லாதவை என்று மருத்துவமனைப் பாதுகாப்பைப் பற்றி எழுதுபவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அதைக் கேட்கும் நர்ஸுக்குக் காது மரத்துப்போகும். உண்மையிலேயே இதயம் நின்ற ஒலி வரும்போதும் அது இன்னொரு கூவலாகவே கேட்கும். அலாரம் களைப்பு என்றே அதற்குப் பெயர். அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. எனக்கும் அந்தக் களைப்பு வந்தது. பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் எது தேவை, எதன் அளவை மாற்றலாம், எதை அணைக்கலாம் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்தோம். சத்தம் குறைந்ததும் எங்கள் கவனம் கூர்மையானது.

உங்கள் வீட்டில் இப்போது எல்லா அலாரமும் ஒரே சத்தத்தில் கூவுகிறது, ஐயா. மனைவியின் ரசீதும் ஓய்வுக்காலப் பணமும் ஒரே அளவு பயத்தைத் தருகின்றன. ரத்தம் ஏற்றும் முன் நாங்கள் இரண்டு பேர் கட்டிலருகே நின்று பையையும் பட்டையையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவோம், ஏனென்றால் தவறான ரத்தம் உள்ளே போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. காய்ச்சல் பார்க்க இரண்டு பேர் வருவதில்லை. சந்தேகமாக இருந்தால் இன்னொரு தடவை பார்த்தால் சரி. போனால் திரும்பாதது எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மிச்சமிருக்கும் பணம், சொத்துப் பத்திரம், கையெழுத்து, கடவுச்சொல். மூன்று நான்கு வரிகளுக்கு மேல் வராது. அவற்றுக்கு மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வாரம் காத்திருப்பேன், இதில் எந்த லாபமும் இல்லாத ஒருவரிடம் கேட்பேன், பதிவு பெற்ற நிறுவனமா என்று நானே போய்ப் பார்ப்பேன். சிபாரிசு செய்தவர் எவ்வளவு நல்லவர் என்பது அந்தக் கணக்கில் வரவே வேண்டாம்.

ரசீது கேட்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். ஏன் கேட்டீர்கள் என்பதையும் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனாலும் உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருப்பார். பூட்டை ஐந்து தடவை பார்ப்பதும் தூக்கம் வராததும் இன்னும் சில வாரங்கள் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். காலில் அடிபட்டால் போகிறோம், இதற்கும் போகலாம். எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: சிஸ்டர், 34 வருடத்தில் நீங்கள் சரிபார்க்காமலே நம்பியவர் யாராவது உண்டா?

உண்டு. என்னோடு இரவு ஷிஃப்ட் பார்த்த தோழி ஒருத்தி. இரண்டு மணி வாக்கில் என் முகத்தைப் பார்த்து "கால் மணி நேரம் கண்ணை மூடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால், மறு வார்த்தை பேசாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவேன். ஒரு தடவைகூட எழுந்து எட்டிப் பார்த்ததில்லை. அவளேதான், கடுமையான மருந்து போட வேண்டிய நேரம் வந்தால், என் தோளைத் தட்டி எழுப்பி, தன் கணக்கை எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "நீ தனியாகப் போடு, என்னுடையதைப் பார்க்காதே" என்பாள்.